வன்னியில் வீட்டோடு ஒரு கராஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் சொந்தக் கையால் கார் வேலை செய்யும் ஆசை உள்ளவர்களுக்காக எழுதியது இது. தொழிலுக்குக் கராஜ் போடுபவர்களுக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை கையில் ஒயில் படாவிட்டால் சாப்பாடு இறங்காதவர்களுக்கு. அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் தருகிறேன். நம் மேசன்மார் பேசுவது அதில்தான்.

கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறது. எதில் தொடங்குவது?

தரை, பிறகு கூரை, பிறகு மின்சாரம். சுவர் கடைசி. கனபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் சுவர், ரோலர் கதவு, வடிவான பெயின்ற், தரைக்கு வரும்போது காசு முடிந்துவிடும், மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலச் சீமெந்துப் பூச்சோடு நிறுத்திவிடுவார்கள்.

இதற்கு ஒரு காரணம் நாம் பார்க்கும் வீடியோக்கள். கனடாவிலும் நோர்வேயிலும் கராஜ் கட்டுவது குளிருக்குத் தப்ப. அதனால் அது நாலு பக்கமும் மூடிய பெட்டி. அதே பெட்டியைப் பரந்தனில் கட்டினால் சித்திரை மாதத்து மத்தியானம் உள்ளே நிற்க ஏலாது. இங்கே கராஜுக்கு எதிரி வெயில், புழுதி, மாரி மழை, எலி. மூன்று பக்கம் மூன்றடி உயரத்துக்குச் சீமெந்துக் கல், அதற்கு மேலே கம்பி வலை, தலைக்கு மேலே உயரமான கூரை. வன்னிக்கு இது போதும் என்பது மட்டுமல்ல, மூடிய பெட்டியைவிட இதுதான் நல்லது என்பேன். வேலைக் கருவிகள் களவு போகும் என்ற பயம் நியாயமானது. அதற்குப் பின்பக்கத்தில் 6 க்கு 8 அடியில் பூட்டுப் போடக்கூடிய ஒரு சின்ன அறை எடுத்தால் சரி. முழுக் கராஜையும் பெட்டகமாக்கத் தேவையில்லை.

ஒரு காருக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

நிறுத்துவதற்கான இடம் வேறு, வேலை செய்வதற்கான இடம் வேறு. மொரிஸ் மைனர் ஏறக்குறைய 12 அடி 4 அங்குல நீளம், 5 அடிக்குச் சற்று மேலே அகலம். இன்றைய கொரோலா 15 அடியைத் தாண்டும், ஹைலக்ஸ் 17 அடியைத் தாண்டும். கதவை முழுவதும் திறக்க, குந்தியிருந்து சில்லைக் கழற்ற, இரண்டு பக்கமும் மூன்று, நான்கு அடியாவது வேண்டும். முன்னால் வேலை மேசைக்கு 2 அடி, அதற்கும் காருக்கும் இடையில் ஆள் நிற்க 3 அடி. இதையெல்லாம் கூட்டினால் 14 க்கு 22 அடி வரும். அதற்குக் கீழே போக வேண்டாம். காணி தாராளமாக இருந்தால் அகலத்தில் கூட்டுங்கள், நீளத்தில் அல்ல.

கட்டுவதற்கு முன் காரை முற்றத்தில் விட்டு, நாலு கதவையும் பொனற்றையும் திறந்து வைத்து, சுற்றிக் கயிறு பிடித்துப் பாருங்கள். வரைபடம் சொல்லாததை அந்தக் கயிறு சொல்லும்.

வாசல் எந்தத் திசையில்? வாஸ்துப்படி செய்யலாமா?

வன்னியில் காற்றைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கிரவல் வீதிப் புழுதி முழுவதும் அதோடு வரும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவரும். வாசல் இந்த இரண்டு பக்கத்தையும் நேரே பார்க்காமல் இருந்தால் நல்லது. வாஸ்து பார்ப்பவர்களும் வாகனத்துக்குப் பெரும்பாலும் வடமேற்கு மூலையைத்தான் காட்டுவார்கள், ஆகவே வீட்டில் சண்டை வராது. காணி அமைப்பு விடவில்லை என்றால் வாசல் பக்கக் கூரையை நான்கு அடி நீட்டிவிடுங்கள்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். நிழலுக்கு ஆசைப்பட்டுத் தென்னைக்கும் பனைக்கும் கீழே போட வேண்டாம். ஆவணியில் பனம்பழம் தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டுமா?

நிரந்தரக் கட்டடம் என்றால் எடுக்க வேண்டும். கரைச்சி, புதுக்குடியிருப்பு என்று உங்கள் சபை எதுவோ அங்கே காணிப் பத்திரத்தோடும் வரைபடத்தோடும் போங்கள். ஏ9 போன்ற பெரிய வீதிக்கு முன்னால் காணி இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டடக் கோட்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீதி அகலிக்கும்போது முதலில் போவது முன்பக்கம்தான்.

வன்னிக்கு இன்னொரு விசயம் இருக்கிறது. இங்கே கனக் காணிகள் குடியேற்றத் திட்டக் காணிகள். காணி உறுதி இல்லை, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த அனுமதிப் பத்திரம்தான். வீட்டுக்காரன் தன் காருக்குக் கொட்டகை போடுவது ஒன்று. அதில் அயலவரின் வாகனங்களையும் காசுக்குத் திருத்தத் தொடங்குவது வேறொன்று. பத்திரத்தின் நிபந்தனை பிறகு கழுத்தைப் பிடிக்கும். தொழிலாக்கும் எண்ணம் துளியளவு இருந்தாலும் முதலில் பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம் பேசுங்கள்.

தரையை எப்படிப் போடுவது? மேசன் இரண்டு அங்குலம் காணும் என்கிறார்.

இரண்டு அங்குலம் விறாந்தைக்குக் காணும். காரை ஜக்கில் தூக்கும்போது ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் அரைத் தொன்னுக்கு மேலே பாரம் நிற்கும். நான்கு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

முதலில் உயரம். வாய்க்காலோ குளமோ பக்கத்தில் உள்ள ஊர் என்றால், 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலில் கேளுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த அந்த நாட்களைக் கிளிநொச்சியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சுவரில் அடையாளம்கூட இன்னும் சில வீடுகளில் இருக்கும். அந்த அடையாளத்துக்கு மேலே அரை அடியாவது தரை வர வேண்டும். வெள்ளம் வராத மேட்டுக் காணி என்றாலும் முற்றத்திலிருந்து ஒரு அடி உயர்த்துங்கள்.

கிரவலை ஒரேயடியாகக் கொட்டி நிரப்ப விட வேண்டாம். ஆறு அங்குலம் கொட்டி, நனைத்து, இடித்து இறுக்கி, பிறகு அடுத்த ஆறு அங்குலம். ஒரு மாரி அதன்மேல் பெய்ய விட்டால் இன்னும் நல்லது. அவசரப்பட்ட தரையெல்லாம் முதல் மழையிலேயே மூலையில் இறங்கும். கிரவலுக்கு மேலே தடித்த பொலித்தீன், அதற்கு மேலே கம்பி வலை.

கம்பி வலையில்தான் ஏமாற்று நடக்கும். மேசன் வலையைப் பொலித்தீனில் விரித்துவிட்டு, "கொங்கிறீட் போடேக்க கொக்கியால தூக்கி விடுறன் அண்ணை" என்பார். தூக்குவார்; அடுத்த ஆள் அதன்மேல் மிதித்து நடப்பார்; வலை பழையபடி அடியில் போய்ப் படுத்துவிடும். அடியில் கிடக்கும் கம்பி வெடிப்பைத் தடுக்காது. இரண்டு அங்குலச் சீமெந்துக் கட்டைகளை முதல்நாளே வார்த்து வைத்து, மூன்றடிக்கு ஒன்றாக வலைக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

கலவை 1:2:4, முக்கால் அங்குலச் சல்லி. 14 க்கு 22 அடித் தரை, நான்கு அங்குலத் தடிப்பு என்றால் ஏறக்குறைய 103 கன அடி, அதாவது ஒரு கியூப் கொங்கிறீட். அதற்கு 50 கிலோச் சீமெந்துப் பை 18 அல்லது 19, மணல் அரைக் கியூப், சல்லி ஒரு கியூப் என்று ஏற்றினால் கொஞ்சம் மிஞ்சும். விடிய ஆறு மணிக்குத் தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏற, கலவை இறுகத் தொடங்கும். இலகுவாக இழுபட வேண்டும் என்று ஒரு வாளித் தண்ணீர் கூடப் போகும். அந்த வாளிதான் தரையின் பலத்தைத் தின்பது. பக்கத்தில் நின்று பாருங்கள், தேத்தண்ணி கொடுக்கும் சாட்டிலாவது நில்லுங்கள்.

உட்சுவரிலிருந்து வாசலுக்கு அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சரிவு விடுங்கள். 22 அடிக்கு இரண்டே முக்கால் அங்குலம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கழுவிய தண்ணீருக்குத் தெரியும். அடுத்த நாளே பத்தடிக்கு ஒன்றாக, ஒரு அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்டிவிட்டால் தரை தன்பாட்டில் வெடிக்காமல் அந்தக் கோட்டில் வெடிக்கும். பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாளாவது நனைத்துக்கொண்டிருங்கள். காரை ஏற்ற 28 நாள் பொறுங்கள்.

காருக்கு அடியில் இறங்கி வேலை செய்யக் கிடங்கு வெட்டலாமா?

எல்லோருக்கும் இந்த ஆசை இருக்கிறது. என் அபிப்பிராயம்: பெரும்பாலான வன்னிக் காணிகளுக்குக் கிடங்கு சரிவராது.

வேலை செய்ய உதவும் கிடங்கு என்றால் இரண்டரை அடி அகலம், ஐந்தடி ஆழம், காரின் நீளத்துக்குக் கூட. கார்த்திகை, மார்கழியில் கிணறு எட்டித் தொடும் உயரத்துக்கு வரும் ஊர்களில் அது கிடங்கு அல்ல, இன்னொரு கிணறு. சுற்றிவரச் சீமெந்து பூசினாலும் வெளியே ஏறிய தண்ணீர் அடித்தளத்தை மேலே தள்ளி வெடிக்க வைக்கும். தண்ணீர் வற்றினால் அடுத்த குடியிருப்பாளர் தவளை, அதைத் தேடி வருபவர் புடையன் பாம்பு.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம் கூடியது. வழிந்து கிடங்கில் போய்த் தேங்கும். எரிபொருள் குழாயைக் கழற்றும்போது சாதாரண பல்ப் ஒன்று உடைந்தால் போதும். ஏற்கனவே கிடங்கு உள்ளவர்கள் அதற்கு மேலே பெற்றோல் ராங்கியைக் கழற்ற வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டபடி உள்ளே இறங்கவும் வேண்டாம். புகையும் அங்கேதான் நிற்கும்.

இதற்குப் பதில் பழைய சேர்விஸ் நிலையங்களில் இருந்த மாதிரி ஒரு ஏற்று மேடை கட்டுங்கள். 20 அங்குல அகலத்தில் இரண்டு தடம், நடுவில் 2 அடி 9 அங்குல இடைவெளி. மொரிஸ் மைனரும் ஏறும், கொரோலாவும் ஏறும். இரண்டரை அடி உயரத்துக்கு ஏற 12, 13 அடிச் சரிவு வேண்டும். ஓரங்களில் மூன்று அங்குல வரம்பும், முன்நுனியில் தாண்ட முடியாத ஒரு தடுப்பும் கட்டாயம். காணியில் இயற்கையாகவே சரிவு இருந்தால் பாதிச் செலவு மிச்சம். கராஜுக்கு வெளியே, பக்கவாட்டில் வைத்தால் மழைக்கு மட்டும் வேலை நிற்கும்.

எதை வெட்டினாலும், அத்திவாரத்துக்கானாலும் சரி, இது நம் மண்: சண்டை நடந்த மண். கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணியில்கூட மண்வெட்டியில் ஏதாவது இரும்பு தட்டுப்பட்டால், என்னவென்று கிண்டிப் பார்க்க வேண்டாம். வேலையை நிறுத்தி, தடி நட்டு அடையாளம் வைத்து, பிள்ளைகளைத் தூர விலக்கிவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள், எண் 119. வெட்டிய இடத்துக் குப்பையை அங்கேயே கொளுத்துவதும் வேண்டாம்.

இரண்டு தூண் உயர்த்தி பூட்டலாமா?

பூட்டலாம். கூரைக்குக் கீழே தடையில்லாமல் 12 அடி வேண்டும், தூண் நிற்கும் இடத்தில் கொங்கிறீட் ஆறு அங்குலம் வேண்டும். இப்போது வாங்காவிட்டாலும் அந்த இரண்டு இடத்தையும் இப்போதே தடிப்பாகப் போட்டுவிடுங்கள்.

அதுவரை ஜக்கும் ஸ்ரான்டும்தான். ஜக் தூக்குவதற்கு, ஸ்ரான்ட் தாங்குவதற்கு. சீமெந்துக் கல்லில் காரை நிறுத்தி அடியில் படுப்பவர்களை இன்றும் காண்கிறேன். அந்தக் கல் எச்சரிக்கை தராது. ஒரு கணத்தில் பொடியாகும்.

கூரைக்குத் தகரமா, ஓடா, கிடுகா?

குளிர்ச்சிக்குக் கிடுகை அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் கிடுகும் பனையோலையும் கூடவே கூடாது. ஓடு நல்லது, சிலாகையும் வேலையும் செலவு. நடைமுறையில் எல்லோரும் வருவது சிங்க்-அலுமினியம் பூசிய தகரத்துக்குத்தான். அதற்குக் கீழே வெள்ளித் தாள் விரித்து, தாழ்வாரத்தில் பத்தடி உயரம் வைத்து, முகட்டில் வெக்கை வெளியேற இடைவெளி விட்டால் மத்தியானத்திலும் நிற்கலாம். திருகாணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில் அடித்தால் இறப்பர் வொஷர் வெயிலில் காய்ந்த வருடம் ஒழுகத் தொடங்கும். நாலைந்து தகரத்துக்கு ஒன்று ஒளி ஊடுருவும் சீற் போட்டால் பகலில் லைற் தேவையில்லை.

வளைக்குப் பனை கிடைத்தால் விட வேண்டாம். வைரம் ஏறிய பழைய பனையைக் கறையான் இலகுவில் தொடாது. முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் இரும்புச் சட்டத்துக்குப் பெயின்ற் விடயத்தில் கஞ்சத்தனம் கூடாது, உப்புக்காற்று சும்மா விடாது.

வீட்டு மின்சாரத்தில் வெல்டிங்கும் கொம்பிறசரும் ஓடுமா?

சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர். 230 வோல்ற்றில் கணக்குப் போட்டால் முழு வீட்டுக்கும் சேர்த்து 6,900 வாற். இரண்டு குதிரைவலுக் கொம்பிறசர் ஓடும்போது ஒன்றரைக் கிலோவாற் எடுக்கும். தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வேட்டர் வெல்டிங் இயந்திரம் தடித்த குச்சிக்குக் கூட்டி வைத்தால் ஐந்து கிலோவாற்றைத் தொடும். கிணற்று மோட்டரும் அதே நேரம் ஓடினால் மெயின் விழும். ஆகவே ஓடும், ஆனால் ஒன்றொன்றாக ஓடும்.

மெயினிலிருந்து கராஜுக்குத் தனி வயர், தனிப் பலகை, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். பிளக்குகள் தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே. காரணம் மேலே சொன்ன பெற்றோல் ஆவிதான். எர்த் கம்பியை ஈரம் நிற்கும் இடத்தில் இறக்குங்கள். ஆடி மாதத்தில் கல்லாய்க் காய்ந்த மண்ணில் எர்த் இருந்தும் இல்லாத மாதிரித்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்கினால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். லைற்றை நடு முகட்டில் போட வேண்டாம், பொனற்றைத் திறந்தால் நிழல் விழும். காரின் இரு பக்கமாக இரண்டு வரிசை எல்இடி ரியூப்.

எலி வயரைக் கடிக்கிறது. என்ன செய்வது?

நெல் மூட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காலபோக அறுவடை முடிய, "கராஜில் இடம் சும்மாதானே கிடக்கு" என்று அம்மா சொல்வார். மாசி மாதத்தில் காருக்குப் பக்கத்தில் மூட்டை ஏறிவிடும். நெல்லுக்கு எலி, எலிக்குப் பாம்பு. நெல்லுக்கு வேறு இடம் ஒதுக்காமல் எலிக்கு மருந்து வைத்துப் பயனில்லை. அணிலும் லேசுப்பட்டதல்ல, எயார் பில்ற்றர் பெட்டிக்குள் தும்புக் கூடு கட்டும்.

கறையானுக்கு, தரை போடும் முன் மண்ணுக்கு மருந்தடியுங்கள். கடதாசிப் பெட்டி எதையும் தரையில் வைக்க வேண்டாம். இறாக்கைகள் இரும்பில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி.

கழிவு ஒயிலை வேலிக் கட்டைக்குப் பூசுகிறோமே, அது பிழையா?

கட்டையில் துணியால் பூசுவது வேறு, மண்ணில் ஊற்றுவது வேறு. வன்னியில் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். ஊற்றிய ஒயில் மாரியில் கீழே போகும். அதில் உலோகத் தூளும் இருக்கும். கானில் சேர்த்து, மூடி, டவுணில் சேர்விஸ் போடும் இடத்தில் கொடுங்கள். பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

அப்பா விட்டுப்போன ஒஸ்ரின் ஏ40 ஒன்று மண்ணெண்ணெயில் ஓடியது. திரும்பவும் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழையதன் அருமை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் தங்கம். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்களான மொரிசும் ஒஸ்ரினும் அதைத் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலைத் தண்ணீராக்கும். றிங்கும் பெயறிங்கும் தேயும். ஆகவே முதல்நாளே சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கரண்டி ஒயில் விட்டு, ஒரு நாள் ஊற விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றி அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். ராங்கியையும் கழற்றிக் கழுவுங்கள். தொடங்குவது இதற்கெல்லாம் பிறகு.

கனடாவில் இருக்கிறேன். ஆவணித் திருவிழாவுக்கு மட்டும்தான் வருவேன். மற்ற மாதங்களில் காரை எப்படி விடுவது?

பற்றரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். ரயருக்கு வழமையைவிடக் கொஞ்சம் கூடக் காற்று, அல்லது நாலு ஸ்ரான்டில் தூக்கி வைப்பது. துணி உறை போட வேண்டாம், மாரியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், எலிக்கும் வீடாகும். பார்த்துக்கொள்பவரிடம் "இடைக்கிடை ஸ்ராட் பண்ணி விடு" என்று மட்டும் சொன்னால் அவர் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார்; அது செய்யாமல் விடுவதைவிட மோசம், சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பற்றரியைப் பூட்டி அரை மணித்தியாலம் வீதியில் ஓடிவிட்டு வரச் சொல்லுங்கள், அதற்கு எண்ணெய்க் காசும் கொடுத்துவிட்டுப் போங்கள். கைபிரேக்கை இழுத்து விட வேண்டாம், மாரி முடிவதற்குள் டிரம்மோடு ஒட்டிவிடும். சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும்.